லைக்கிபியாவில் காண்டாமிருகங்களுக்காகக் குதிரைப் பயணம்: சேருவதற்கு முன் அறிய வேண்டியவை

மத்திய கென்யாவின் லைக்கிபியா மேட்டுநிலத்தில், காண்டாமிருகப் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் குதிரைப் பயணம் ஒன்றில் சேருவதற்கு ஒருவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. சென்னையில் சில ஆண்டுகள் குதிரையேற்றம் பழகியவர் அவர். நண்பர்களிடமும் அலுவலகத்திலும் நன்கொடை திரட்டித் தந்தால்தான் பயணத்தில் இடம் உண்டு. அந்தப் பணம் உண்மையிலேயே விலங்குகளுக்குப் போய்ச் சேருமா, தம் பயிற்சி போதுமானதா, வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

சேரலாம் என்பதே என் பதில். ஆனால் பயணத்தையும் பாதுகாப்புப் பணியையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாமல், இரண்டையும் தனித்தனியே எடைபோட்ட பிறகு சேர வேண்டும். நீங்கள் குதிரைமேல் செல்வதால் எந்தக் காண்டாமிருகமும் பிழைப்பதில்லை. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும், பயணிகள் எவரும் வராத மழை மாதங்களிலும், இரவு பகலாகக் காட்டில் நிற்கும் வனக்காவலருக்குச் சம்பளம் தவறாமல் கிடைப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. உங்கள் பயணம் அந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு தூரம் வழிசெய்கிறது என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1970-ஆம் ஆண்டு வாக்கில் கென்யாவில் சுமார் 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1980-களின் இறுதியில் 400-க்கும் குறைவாகவே எஞ்சின. கொம்புக்கான சர்வதேச வணிகம் 1977-லேயே தடைசெய்யப்பட்டிருந்தபோதிலும் வேட்டை நிற்கவில்லை. அந்த இருண்ட காலத்தில், கிரெய்க் குடும்பத்தார் தங்கள் மாட்டுப் பண்ணையில் 5,000 ஏக்கரை ஒதுக்க, அன்னா மெர்ஸ் என்ற பெண்மணி தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, வேலியிட்ட காண்டாமிருகச் சரணாலயம் ஒன்றை அங்கே உருவாக்கினார். அதுவே வளர்ந்து 1995-இல் லேவா வனவிலங்குக் காப்பகம் ஆயிற்று. பக்கத்து நிலமான போரானாவுக்கு 2013-இல் காண்டாமிருகங்கள் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஆண்டே இரண்டுக்கும் இடையே இருந்த வேலி அகற்றப்பட்டு, சுமார் 93,000 ஏக்கர் ஒரே மேய்ச்சல் வெளியாக மாறியது. இன்று கறுப்பும் வெள்ளையுமாக இருநூறுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்கள் அங்கே வாழ்கின்றன. நாடு முழுவதும் கறுப்புக் காண்டாமிருகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியிருக்கிறது. ஒரு பெண் காண்டாமிருகம் பதினைந்து மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றுக்குப் பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் ஓர் இனத்தில் ஒன்று சுடப்பட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை ஆண்டுகளின் உழைப்பு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்பது நல்லது. கன்று தாயை விட்டுப் பிரியும் பருவத்தில் அதற்கு மயக்க ஊசி செலுத்தி, இரு காதுகளின் விளிம்புகளிலும் சிறு வெட்டுகள் இடுவார்கள். வெட்டு எந்தக் காதில், எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதைக் கூட்டிப் பார்த்தால் அந்த விலங்குக்குரிய எண் கிடைக்கும். வனக்காவலர் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம் உண்டு. விடிவதற்கு முன் புறப்பட்டு, கால்தடத்தையும் சாணத்தையும் புதிதாக ஒடிந்த முட்கிளைகளையும் பார்த்துக்கொண்டே நடந்து, தம் வட்டாரத்துக் காண்டாமிருகத்தைக் கண்ணால் கண்டு, காது வெட்டைத் தொலைநோக்கியால் படித்து, வாக்கி-டாக்கியில் தலைமை அறைக்குத் தெரிவிப்பார். சில நாட்கள் தொடர்ந்து ஒரு விலங்கு கண்ணில் படாவிட்டால் தேடுதல் தொடங்கிவிடும். இந்த வேலைக்கு வேண்டியவை சம்பளம், உணவு, காலணி, வண்டிக்கு எரிபொருள், வாக்கி-டாக்கிக்கு மின்கலம் ஆகியவையே. புகைப்படத்தில் அழகாகத் தெரியாத செலவுகள் இவை. ஆகவே நன்கொடையாளர்கள் இவற்றுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். விலங்கின் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டைக் கருவிக்கும் கன்றுக்குட்டியின் பால்புட்டிக்கும் எளிதில் பணம் கிடைத்துவிடுகிறது. நீங்கள் திரட்டும் தொகை அன்றாட நடைமுறைச் செலவுக்குப் போகுமாறு கேட்டுக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 2020-இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது, விடுதி வருமானத்தையே நம்பியிருந்த காப்பகங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இனிப் பணக்கணக்கு. இத்தகைய பயணங்கள் இரண்டு முறைகளில் நடத்தப்படுகின்றன. முதல் முறையில், விமானம், குதிரை, முகாம், உணவு அனைத்துக்குமான செலவைப் பங்கேற்பவரே தம் கையிலிருந்து கொடுக்கிறார். பிறரிடம் திரட்டும் நன்கொடை முழுவதும் தனியாகக் காப்பகத்துக்குச் செல்கிறது. இரண்டாம் முறையில், குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டினால் போதும் என்று ஒரு தொகையைச் சொல்லி, அதிலிருந்தே பயணச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது முறை சட்டத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் உங்கள் அலுவலக நண்பர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி உங்கள் முகாமின் இரவு உணவுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்குவது முறையாகாது. நான் முதல் முறையையே பரிந்துரைக்கிறேன். உங்கள் அழைப்பிதழில் இது தெளிவாக இல்லையென்றால், எந்தப் பதிவு பெற்ற அமைப்பின் கணக்குக்கு, எத்தனை விழுக்காடு, எந்த மாதத்தில் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சரியாக நடத்துபவர்கள் ஒரே கடிதத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு பயணத்தைத் தேடிக்கொள்வது நல்லது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு அறக்கட்டளைக்கு நேரடியாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது என்பதையும் உங்களுக்குக் கொடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீரவிளையாட்டு வழியாகத் திரட்டிய பணம் கண்ணுக்குத் தெரியும் பயனாக மாறியதற்குக் கென்யாவிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1989 முதல் நடந்துவரும் ரைனோ சார்ஜ் என்ற காடுமேட்டு வாகனப் போட்டியின் நிதியைக் கொண்டு, ரைனோ ஆர்க் என்ற அறக்கட்டளை அபர்டேர் மலைக்காட்டைச் சுற்றி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மின்வேலி அமைத்து 2009-இல் முடித்தது. காண்டாமிருகங்களைக் காக்க எழுந்த அந்த வேலி, காட்டோரத்து விவசாயிகளின் சோளத்தையும் உருளைக்கிழங்கையும் யானைகளிடமிருந்து காத்தது. அதனால் உள்ளூர் மக்களே வேலியைத் தங்கள் உடைமையாகக் கருதினார்கள். லேவாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து டஸ்க் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து நடத்தப்படும் மாரத்தான் ஓட்டமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் நிதி காப்பகப் பணிகளுக்கு மட்டுமன்றிப் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் செல்கிறது. உங்கள் பயணத்தின் நோக்கமும் இப்படி ஒரு குறிப்பிட்ட வேலையோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதேவேளையில், பணம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2018-இல் சாவோ கிழக்குப் பூங்காவில் அமைக்கப்பட்ட புதிய சரணாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட 11 கறுப்புக் காண்டாமிருகங்களும் இறந்துபோயின. பெரும்பாலானவற்றின் சாவுக்கு அங்கிருந்த உப்புமிகுந்த நீரே காரணமாயிற்று. அதற்கு மாறாக, 2024 தொடக்கத்தில் லைக்கிபியாவின் லொய்சாபா காப்பகத்துக்கு 21 கறுப்புக் காண்டாமிருகங்கள் கொண்டுவரப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அவை இல்லாதிருந்த நிலம் அது. பழைய சரணாலயங்களில் எண்ணிக்கை பெருகி இடம் போதாமல் ஆனதால், ஆண் விலங்குகள் ஒன்றையொன்று குத்திக் கொல்லும் ஆபத்து எழுந்துள்ளது. எனவே அவற்றுக்குப் புதிய நிலம் தேடுவதே இப்போதைய பெரும்பணி.

நிலம் என்றதும் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நீங்கள் குதிரையில் கடக்கப்போகும் அழகிய புல்வெளி யாருமற்றுக் கிடந்த நிலமன்று. 1904-இல் பிரித்தானிய நிர்வாகம் கால்நடை மேய்த்து வாழும் மாசாய் மக்களைப் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து லைக்கிபியாவுக்கு நகர்த்தியது; 1911-இல் இன்னோர் உடன்படிக்கையின் பெயரால் அங்கிருந்தும் தெற்கே பெயர்த்தது. மாசாய்கள் நீதிமன்றம் சென்றும் 1913-இல் வழக்கு தள்ளுபடியானது. வெள்ளையர் குடும்பங்களிடம் அவ்வாறு சென்ற பெரும்பண்ணைகளில் சிலவே இன்று காப்பகங்களாக இருக்கின்றன. 2017-இல் கடும் வறட்சி நிலவியபோது, ஆயுதம் தாங்கிய மேய்ப்பர்கள் மந்தைகளோடு பண்ணைகளுக்குள் புகுந்தார்கள். நெடுங்காலம் குதிரைப் பயணங்களை நடத்திவந்த டிரிஸ்டன் வூர்ஸ்பை, எரிக்கப்பட்ட விடுதிகளைப் பார்வையிடக் குதிரையில் சென்றபோது அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொலையை எவராலும் நியாயப்படுத்த முடியாது; ஆனால் புல்லுக்கும் தண்ணீருக்கும் வழியில்லாத மேய்ப்பர் பக்கத்தில் இருக்கும்வரை எந்த வேலியும் காண்டாமிருகத்தைக் காக்காது என்பதும் உண்மை. ஆகவே உள்ளூர் மக்களுக்கு இந்தப் பணத்தில் என்ன பங்கு என்று கேட்பது மிகவும் அவசியம். போரானாவை ஒட்டிய இல் இங்வேசியில் மாசாய் சமூகமே உரிமையாளராக இருந்து 1996 முதல் விடுதி நடத்திவருகிறது. வடக்கே சம்புரு பகுதியில், கிரேவி வரிக்குதிரைகளைக் கண்காணிக்கும் பணியில் உள்ளூர்ப் பெண்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். 1970-களின் இறுதியில் சுமார் 15,000 ஆக இருந்து இன்று மூவாயிரத்தை ஒட்டிய அளவுக்குச் சுருங்கிவிட்ட அந்த இனத்தை, தினமும் தண்ணீருக்குப் போகும் வழியில் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். உங்கள் பயணம் இத்தகைய சமூகங்களின் நிலத்தில் தங்கி அவர்களுக்குக் கட்டணம் செலுத்துமானால், அதற்கு நான் கூடுதல் மதிப்பளிப்பேன்.

இப்போது குதிரைக்கு வருவோம். வண்டியிலோ கால்நடையாகவோ செல்வதைவிடக் குதிரைமேல் செல்லும்போது காட்டு விலங்குகள் மிகவும் அமைதியாக இருக்கின்றன. நான்கு கால் உருவமும் குதிரையின் வாடையும் மேலிருக்கும் மனிதரை மறைத்துவிடுவதால், ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் தலைநிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்து மேயும். நீங்கள் கீழே இறங்கினால் அந்தக் கணமே மந்தை கலைந்து ஓடும். அதனால்தான் வழிகாட்டி சொல்லாமல் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. காண்டாமிருகத்தை நெருங்கும்போது விதிகள் இன்னும் கடுமையாகும். அதற்குப் பார்வை மங்கல். செவியும் மூக்கும் மிகக் கூர்மை. வழிகாட்டி கையை உயர்த்தியதும் அனைவரும் நின்றுவிட வேண்டும். அவர் காற்றின் திசையைப் பார்ப்பார். காற்று நம் முகத்தில் அடித்தால்தான் முன்னே நகர்வார். காண்டாமிருகத்தின் முதுகில் உண்ணி கொத்திக்கொண்டிருக்கும் சிறு பறவைகள் சட்டென்று கத்திக்கொண்டு எழுந்தால், அது நம்மை அறிந்துவிட்டது என்று பொருள். கறுப்புக் காண்டாமிருகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடக்கூடியது. ஆகவே அது திரும்பும்போது உங்கள் குதிரையை நீங்கள் சொன்ன திசையில், சொன்ன நேரத்தில் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கத்தின் விஷயம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஓடவே கூடாது. ஓடும் குதிரை இரையாகத் தெரியும். கூட்டமாக நெருங்கி நின்று, குதிரையைப் பிடித்து நிறுத்தி, மெல்லப் பின்வாங்க வேண்டும். இரவில் முகாமில் குதிரைகளை வரிசையாகக் கட்டி, விளக்கேற்றி, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்கள் முறைவைத்து விழித்திருப்பதும் சிங்கத்துக்காகத்தான்.

உங்கள் பயிற்சி போதுமா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் விடை சொல்ல வேண்டும். வேலியிட்ட மைதானத்தில் வட்டமாக டிராட் (துள்ளுநடை), கேன்டர் (மிதவேக ஓட்டம்) செய்யப் பழகியிருப்பது நல்ல அடித்தளமே. ஆனால் அது மட்டும் போதாது. லைக்கிபியாவில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேரம் சேணத்தில் இருக்க வேண்டியிருக்கும். தரையில் காட்டுப்பன்றியும் கறையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கும் தோண்டிய குழிகள் புல்லுக்குள் மறைந்திருக்கும். முன்னே செல்பவர் கையைக் கீழே காட்டி எச்சரித்ததும் வேகம் குறையாமல் விலகத் தெரிய வேண்டும். முள்மரக் கிளைக்குக் குனிந்தபடியே கேன்டர் செய்ய வேண்டிவரும். திறந்தவெளியில் பத்துக் குதிரைகள் சேர்ந்து ஓடும்போது, மைதானத்தில் சாதுவாக இருந்த குதிரைகூட மற்றவற்றை முந்தத் துடிக்கும். அப்போது கடிவாளத்தை இழுத்துத் தொங்காமல், உடலை நிமிர்த்தி அதை அடக்கத் தெரிந்தவர்தான் அங்கே தேர்ந்த சவாரியாளர். புறப்படுவதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களிலாவது வாரம் இருமுறை நீண்ட நேரம் சவாரி செய்யுங்கள். அங்கவடியில் எழுந்து நின்றபடி பல நிமிடங்கள் கேன்டர் செய்து, தொடைக்கும் முதுகுக்கும் வலுவேற்றுங்கள். அறிமுகமில்லாத குதிரைகளில் மாறி மாறி ஏறுங்கள். படிவத்தில் உங்கள் திறமையையும் உடல் எடையையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அவற்றை வைத்துத்தான் குதிரை ஒதுக்குவார்கள். சவாரியாளரின் எடைக்கு 85 முதல் 95 கிலோ வரை வரம்பு வைப்பது வழக்கம். அது குதிரையின் முதுகைக் காப்பதற்கான விதி என்பதால், அதைத் தளர்த்தித் தருகிறோம் என்று சொல்லும் அமைப்பாளரை நம்பாதீர்கள்.

குதிரைகளின் நலனையும் நீங்கள் கேட்டறிய வேண்டும். ஒரு விலங்கைக் காக்க இன்னொரு விலங்கை வதைப்பது தகாது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்ற கொடிய வைரஸ் நோயைச் சிறு கொசு போன்ற பூச்சிகள் பரப்புகின்றன. வரிக்குதிரை அந்த நோயைப் பெரிதாகப் பாதிக்கப்படாமல் சுமக்கும். தடுப்பூசி போடாத குதிரையோ பெரும்பாலும் மாண்டுபோகும். தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படுகிறதா, நாள் முடிவில் உண்ணி நீக்கிக் குளிப்பாட்டுகிறார்களா, ஓய்வுக்கு மாற்றுக் குதிரைகள் இருக்கின்றனவா, காயம்பட்டால் கால்நடை மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வந்துசேர்வார் என்பனவெல்லாம் கேட்கத்தக்க கேள்விகள்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை நீக்கி, இணையவழி மின்னணுப் பயண அனுமதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது; முன்னதாகவே விண்ணப்பியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமான பயணக் காப்பீடுகள் பலவற்றில் குதிரைச் சவாரி விலக்கப்பட்டிருக்கும். சவாரியின்போது நேரும் விபத்தும் விமான ஆம்புலன்ஸ் செலவும் அடங்கும் என்று எழுத்தில் உறுதி பெறாமல் காப்பீடு எடுக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் எலும்பு முறிந்தால் நைரோபிக்கு வான்வழியே கொண்டுசெல்வதுதான் வழி. தலைக்கவசத்தை உங்களுடையதாகவே எடுத்துச் செல்லுங்கள். லைக்கிபியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலை நடுக்கும் குளிராகவும் நண்பகல் வெயில் தோலை உரிப்பதாகவும் இருக்கும். மங்கிய நிறத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். ராணுவ உடை போன்ற திட்டுவண்ண ஆடை அங்கே பொதுமக்களுக்கு அனுமதியில்லை. பிளாஸ்டிக் பைகளும் 2017 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. பெட்டியில் துணிப்பைகளையே வையுங்கள். காண்டாமிருகத்தைப் படமெடுப்பதற்கு முன் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். படத்தோடு இடமும் வெளியானால் வேட்டைக்காரருக்கு அது வழிகாட்டியாகிவிடும். எந்தத் திசையில் பார்த்தோம் என்பதைக்கூடப் பதிவிட வேண்டாம்.

மார்ச் இறுதியிலிருந்து மே வரையும் நவம்பரிலும் மழை பெய்யும். அங்குள்ள கரிசல் மண் நனைந்தால் குதிரையின் குளம்பு ஆழமாகப் புதைந்து தசைநார் அறுந்துபோகக்கூடும் என்பதால், அந்த மாதங்களில் பயணம் வைத்திருக்கும் அமைப்பாளரிடம் காரணம் கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரையும் ஏற்ற காலம். இந்த ஆண்டு பயிற்சி போதவில்லை என்று தோன்றினால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருமாறு கேளுங்கள். அதற்குள் திரட்டிய நன்கொடையை மட்டும் தள்ளிப்போடாமல் இப்போதே காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, ரசீதின் நகலைக் கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்பிவையுங்கள்.